மலையில் டனல், தாமதம் ஈரோட்டில்

சேலத்திலிருந்து ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாகப் பாலக்காடு போகும் பிரதானப் பாதையில் ஒரு டனல்கூடக் கிடையாது. கொங்கு நாட்டில் ரயில் குகை என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில்தான். அந்த 46 கிலோமீட்டரில் 16 குகைகள் இருக்கின்றன. ஆனால் அது மீட்டர் கேஜ், சரக்குப் போக்குவரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியிருக்க, கோவையை அடுத்த இருகூரில் ரேக், அதாவது முழுச் சரக்கு வண்டித் தொடர், நிற்பதற்கும் ஈரோடு யார்டில் கூட்ஸ் வண்டிகள் வரிசை கட்டுவதற்கும் டனல் ஏன் காரணமாகிறது?

சரக்கு வண்டி போகும் வழியைத் தீர்மானிப்பது அந்த வழியிலுள்ள மிக இறுக்கமான ஓர் இடம். ஆயிரம் கிலோமீட்டர் பாதை தாராளமாக இருந்து, ஒரே ஒரு டனலில் ஐந்து சென்டிமீட்டர் குறைந்தாலும், அந்த அளவுக்குள் அடங்காத சரக்குக்கு அந்த ஆயிரம் கிலோமீட்டரும் இல்லாத பாதைதான். டனல் இடிந்து மூடினால் நாளிதழில் வரும், நாலு நாளோ நாற்பது நாளோ கழித்துத் திறந்துவிடுவார்கள். பழுது பார்த்ததில் டனல் குறுகிப்போனால் செய்தி வராது. பாதைப் பொறியாளர்களின் பதிவேட்டில் ஒரு வரி மாறும், அவ்வளவுதான். அந்த வரி பல வருஷம் அப்படியே இருக்கும்.

முதலில் அளவுகள். இந்திய அகலப் பாதையில் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச உயரம் தண்டவாள மட்டத்திலிருந்து 4.265 மீட்டர், அதுவும் நடுவில்தான். பக்கவாட்டில் தோள் சரிவதுபோல் அளவு குறைந்துகொண்டே வரும். அகலம் சுமார் மூன்றேகால் மீட்டர். மின்மயமான பாதையில் டனல் கூரைக்கும் கனமான மேம்பாலங்களின் அடிப்பகுதிக்கும் வேண்டிய குறைந்தபட்ச உயரம் 5.87 மீட்டர். இரண்டுக்கும் நடுவே இருப்பது 1.6 மீட்டர். கேட்பதற்குத் தாராளம்போல் தோன்றும். வண்டியின் உச்சிக்கும் 25,000 வோல்ட் கம்பிக்கும் இடையே காற்றில் இடைவெளி, கம்பியைத் தாங்கும் அமைப்பு, அதற்கு மேல் கூரைவரை இன்னொரு மின் இடைவெளி எல்லாம் அந்த 1.6 மீட்டருக்குள்தான் அடங்க வேண்டும். இந்த மின் இடைவெளி கம்பி நிலையாக நிற்கும்போது 250 மில்லிமீட்டர், வண்டி கடக்கும் சில நொடிகளுக்கு 200 மில்லிமீட்டர். இதற்குக் கீழே போனால் மின்சாரம் கல்லுக்கோ பெட்டிக்கோ தாவிவிடும். போதாததற்குக் கம்பி ஆடும், வண்டி குலுங்கும், பாதையும் காலப்போக்கில் உயரும்.

இன்று புதிதாகக் கட்டும் டனல் எப்படி இருக்கும் என்பதற்கு ஆந்திராவில் ஓபுலவாரிப்பள்ளி–கிருஷ்ணபட்டணம் பாதையிலுள்ள செர்லோபள்ளி–ராபூர் டனலைச் சொல்லலாம். 2019-ல் திறந்தது, நீளம் 6.6 கிலோமீட்டர். குதிரை லாட வடிவம். கூரை 6.5 மீட்டர் உயரத்தில், கம்பி குறைந்தது 5.2 மீட்டரில். அடியில் ஜல்லி இல்லை, கான்கிரீட் பலகைமேல் தண்டவாளம். இப்படிக் கட்டியதில் பின்னாளில் பழுது பார்க்கக் கொஞ்சம் இடம் எடுத்தாலும் பெரிதாகக் கையைக் கடிக்காது. நூறு வருஷத்துக்கு முன்னால் நீராவி எஞ்சினுக்காகக் குடைந்தவற்றிலும், மீட்டர் கேஜுக்காகக் குடைந்து பிறகு அகலமாக்கியவற்றிலும் அந்தச் சலுகை கிடையாது.

வளைவு வந்தால் கணக்கு மாறும். நீண்ட வண்டி வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் துருத்தும். போகிகளின், அதாவது வண்டிக்கு அடியிலுள்ள இரு சக்கரத் தொகுதிகளின், இடைத்தூரம் 14.785 மீட்டர், உடல் நீளம் 21.34 மீட்டர் என்றால், 4 டிகிரி வளைவில், அதாவது 437.5 மீட்டர் ஆரத்தில், நடு 62 மில்லிமீட்டர் உள்ளே வரும், முனை 68 மில்லிமீட்டர் வெளியே போகும். இதோடு முடியவில்லை. வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள். அந்த உயர்த்தல் 100 மில்லிமீட்டர் என்றால் வண்டி முழுதும் உள்பக்கம் சாயும். நாலு மீட்டர் உயரத்தில் அந்தச் சாய்வு 4000-ஐ 100-ஆல் பெருக்கி, இரு தண்டவாளங்களின் நடு இடைத்தூரமான 1750-ஆல் வகுத்தால் வருவது: சுமார் 229 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் வண்டியின் தோள் நேர்ப்பாதையில் இருந்ததைவிட 29 சென்டிமீட்டர் சுவரை நெருங்கிவிடுகிறது. நேரான டனலில் அலட்டிக்கொள்ளாமல் போகும் பெட்டி, வளைந்த டனலில் உரசுவது இதனால்தான். வளைந்த டனலில் வேகத்தை ஏற்றலாம் என்று உயர்த்தலைக் கூட்டினால், இடைவெளி அந்த அளவுக்குப் பறிபோகும். வேகத்துக்கும் இடைவெளிக்கும் நடக்கும் இந்தப் பங்காளிச் சண்டை வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

இனி பழுது. டனலுக்கு முதல் எதிரி தண்ணீர். மழைக்காலத்தில் மலைக்குள் ஊறும் நீர், டனலின் உள்சுவர்ப் பூச்சின் பின்னால் சேர்ந்து, வழி கிடைக்கும் இடத்தில் கசியும். சுவரில் வெள்ளைச் சுண்ணக்கோடுகள் இறங்கியிருந்தால் கலவையிலிருந்து சுண்ணம் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் கெட்டி, பொத்தென்று கேட்டால் பூச்சு பாறையை விட்டுப் பிரிந்திருக்கிறது. அடியில் ஓரச் சாக்கடை அடைத்திருந்தால் நீர் ஜல்லிக்குள் தேங்கி, வண்டி போகும் ஒவ்வொரு தடவையும் சேறு பொங்கும். கொங்கண் பாதையில் பெர்ணம் டனல் இரண்டு விதத்தையும் காட்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ல் உள்சுவரில் ஒரு பகுதி சரிந்து, பாதை மூடியே ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. 2024 ஜூலையில் சுவர் விழவில்லை. தரைக்கு அடியிலிருந்து தண்ணீரும் சேறும் பொங்கி வந்தது. ஜூலை 9 அன்று சரிசெய்து திறந்தார்கள், மறுநாள் விடிவதற்குள் திரும்பப் பொங்கியது.

பழுதில் முதல் வேலை தண்ணீருக்கு வழி விடுவது. பூச்சில் துளையிட்டுக் குழாய் வைத்து, வரும் நீரை ஓரச் சாக்கடைக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் கசிவை அடைப்பதில் மட்டும் குறியாக இருந்தால், அடைத்த இடத்துக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, அடுத்த மழையில் பத்தடி தள்ளி வெடிக்கும். அதன்பின் பூச்சுக்கும் பாறைக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் சிமென்ட் பால் ஏற்றுவது. அழுத்தம் மிஞ்சினால் பழைய செங்கல் பூச்சையே உள்ளே தள்ளிவிடும், போதாவிட்டால் வெற்றிடம் நிறையாது. ஏற்றிய பால் ஏற்கனவே இருந்த நீர்க்குழாய்களை அடைக்கவும் செய்யும். ஏற்றி முடித்ததும் குழாய்களைத் திரும்பக் குடைந்து திறக்க வேண்டியிருக்கும். அடுத்தது பாறையைத் தைக்கும் இரும்புக் கம்பிகள், 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமனில், மூன்று நாலு மீட்டர் நீளத்துக்கு. கம்பி உள்ளே போய்விடும், ஆனால் தலையில் வரும் தகடும் நட்டும் வெளியே நிற்கும். மிச்ச வாலை அறுக்காமல் விட்டால் அது மட்டுமே பத்து சென்டிமீட்டர் இடத்தைத் தின்னும்.

அதற்கும் மேல் கம்பி வலையும் ஷாட்கிரீட்டும், அதாவது குழாயில் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டும் வேண்டும் என்றால் 50 முதல் 100 மில்லிமீட்டர் தடிமன் கூடும். பாறை மோசமென்று 150 மில்லிமீட்டர் இரும்பு வளையங்களும் வைத்தால் ஒரு பக்கத்துக்கே 15 முதல் 20 சென்டிமீட்டர் போய்விடும். இரு பக்கமும் சேர்த்தால் முப்பது நாற்பது சென்டிமீட்டர். டனல் இப்போது முன்னைவிடப் பலமாக இருக்கிறது, முன்னைவிடக் குறுகலாகவும் இருக்கிறது.

இழந்த இடத்தைத் திரும்பப் பெற மூன்று வழி. சுவரைச் செதுக்குவது ஒன்று. பழைய பூச்சை வெட்டி எடுத்துவிட்டு மெல்லியதாகப் போடுவது, மெதுவாகவும் பயந்துகொண்டும் செய்யும் வேலை. பாதையை நகர்த்துவது இரண்டாவது. சுவர் ஒரு பக்கம் மட்டும் நெருங்கியிருந்தால் தண்டவாளத்தை மறுபக்கம் சில சென்டிமீட்டர் தள்ளலாம், செலவு குறைவு. மூன்றாவது, பாதையைத் தாழ்த்துவது. சொல்வது சுலபம். ஜல்லியை எடுத்து, அடியைத் தோண்டி, பாதையை 10 சென்டிமீட்டர் இறக்கினால் ஓரச் சாக்கடையும் அதே அளவு இறங்க வேண்டும். இல்லையென்றால் நீர் பாதையை நோக்கி ஓடிவரும். பக்கச்சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டிவிட்டால் சுவரே நழுவும். டனலுக்கு வெளியே இருபக்கமும் சரிவைச் சமன்செய்து கொண்டுவர வேண்டும். அத்தனைக்கும் பிறகு ஜல்லிக் கனத்தைக் குறைத்தால் ஸ்லீப்பர் நேரே பாறைமேல் உட்கார்ந்து உடையும். அதனால்தான் தாழ்த்துவதென்று முடிவானால் பெரும்பாலும் ஜல்லியையே விட்டுவிட்டு கான்கிரீட் பலகைப் பாதைக்கு மாறுகிறார்கள். அதற்குக் கான்கிரீட் இறுகும்வரை வண்டி விட முடியாது. மின்கம்பியின் பக்கத்தில் இன்னொரு தந்திரம் இருக்கிறது. தொங்கும் கம்பிக்குப் பதிலாகக் கூரையில் பொருத்திய விறைப்பான அலுமினியச் சட்டத்தில் கம்பியைச் செருகிவிட்டால் மேலே தொங்கும் தாங்கு கம்பிக்கு இடம் தேவையில்லை. காஷ்மீர் பாதை டனல்களில் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.

இந்தப் பிரச்சினையில் பழுதுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு திருடனும் உண்டு. ஜல்லியை இறுக்கும் டாம்பிங் மெஷின் ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் பாதையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுத்தான் போகும். வெளியில் அது நல்லது. டனலுக்குள் பத்து வருஷம் இப்படியே போனால் ஒருநாள் அளந்து பார்க்கும்போது கூரை இறங்கியதுபோல் தெரியும். கூரை அங்கேயேதான் இருக்கும், பாதைதான் ஏறியிருக்கும். அழுக்கேறிய ஜல்லியை ஆழமாகத் தோண்டிச் சலித்துப் போட்டால் இதைத் திருத்தலாம். தண்டவாள மட்டத்தைச் சுவரில் குறியிட்டு வைக்கும் பழக்கம் இதற்காகவே.

ஒற்றைப் பாதையில் இதற்கெல்லாம் கிடைப்பது ஒரு நாளைக்கு மூன்று நாலு மணிநேர லைன் பிளாக், அதாவது வண்டிகளை நிறுத்தி வேலைக்கு ஒதுக்கும் நேரம். அதில் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைத்து, சாரம் கட்டிய வேகனை உள்ளே கொண்டுபோவதற்கு முக்கால் மணி, திரும்ப வெளியே எடுக்க முக்கால் மணி. நடுவில் மிஞ்சுவதுதான் வேலை நேரம். ஒரு சின்னப் பழுது இரண்டு மாதம் இழுப்பதைப் பார்த்து ஆட்கள் சோம்பேறிகள் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி கொங்கு நாட்டுச் சரக்குக்கு வருவோம். கன்டெய்னரில் பெரும்பகுதிக்குப் பயமில்லை. பி.எல்.சி. என்னும் தாழ்தள வேகனின் தளம் 1,009 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. அதன்மேல் சாதாரணப் பெட்டி 2,591 மில்லிமீட்டர், உயரப் பெட்டி 2,896 மில்லிமீட்டர். உயரப் பெட்டி வைத்தாலும் மொத்தம் 3.905 மீட்டர். வேகனின் தளத்தை இவ்வளவு தாழ்த்தியதற்கே அதுதான் காரணம்: நடுவில் இடம் இருந்தாலும் பெட்டியின் மேல்மூலைகள்தான் தோள் அளவை இடிக்கும். 45 வேகன் கொண்ட ஒரு ரேக்கில் இருபதடிப் பெட்டி 90 போகும். திருப்பூர் பனியன் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அனுப்பினால் செலவு குறையுமே என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இரண்டு சாதாரணப் பெட்டி அடுக்கினால் 6.19 மீட்டர். நம் பாதைகளில் கம்பி இருப்பதே ஐந்தரை மீட்டர் சொச்சத்தில். பெட்டியின் தலை கம்பிக்கு மேலே போய்விடும். மேற்குச் சரக்குப் பாதையில் இது நடப்பது, அங்கே 7.1 மீட்டர் உயரச் சரக்குக்கு இடம்விட்டுக் கம்பியை அதற்கும் மேலே கட்டியிருப்பதால். 2018-ல் வந்த குள்ளப் பெட்டி, அதாவது 6 அடி 4 அங்குல உயரமுள்ளது, இரண்டு அடுக்கினால் 4.87 மீட்டர்தான் வரும். திறந்தவெளியில் கம்பிக்குக் கீழே அடங்கும். ஆனாலும் 4.265-ஐத் தாண்டிவிடுவதால் வழிநெடுக அளந்து அனுமதித்த பாதையில் மட்டுமே ஓடலாம். ஒரு பழைய டனல், ஒரு தாழ்ந்த மேம்பாலம் போதும், அந்த வழி அதற்கு இல்லையென்றாகிவிடும்.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்குப் பழக்கமான ரோ-ரோ விஷயமும் இதே கணக்கில்தான் வருகிறது. 1999 முதல் கொங்கண் ரயில் லாரிகளைச் சரக்கோடு தட்டை வேகனில் ஏற்றிச் செல்கிறது. வேகனின் தளமே சுமார் ஒன்றேகால் மீட்டர். 4.265-ல் அதைக் கழித்தால் லாரிக்கு மிஞ்சுவது மூன்று மீட்டர். பாரம் ஏற்றிய பெரிய லாரி பெரும்பாலும் மூன்று மீட்டருக்குள் அடங்காது. ஆகவே ரோ-ரோ என்பது அந்தப் பாதைக்கென்று தனியாக அளந்து கொடுத்த அனுமதி. தார்ப்பாயைப் புடைக்கக் கட்டிய லாரியைத் திருப்பியனுப்புவது இதனால்தான். ஓரிடத்தில் ஓடுகிறதே, சேலத்துக்கும் விடக்கூடாதா என்றால், வழியிலுள்ள ஒவ்வொரு பாலத்தையும் கம்பியையும் அளந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

உண்மையில் அடிபடுவது அளவு மிஞ்சிய சரக்கு. மின்மாற்றி, கொதிகலன் பாகம், பெரிய இயந்திரப் படுக்கை போன்றவை. இவற்றை ரயில்வேயில் ஓ.டி.சி. என்பார்கள், இடைவெளி எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்து ஏ, பி, சி என மூன்று வகுப்பு. ஏ ஏறக்குறைய சாதாரண வண்டி போலவே போகும். சி என்றால் பகலில் மட்டும், ஊர்ந்து, கூடவே பொறியாளர்கள் வர வேண்டும். சரக்கின் உச்சிக்கும் கம்பிக்கும் 390 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மின்சாரத்தைப் பற்றிக் கவலை இல்லை. 390-க்கும் 340-க்கும் நடுவில் என்றால் மணிக்கு 15 கிலோமீட்டர். 340-க்குக் கீழே போனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு டீசல் எஞ்சினால் இழுக்க வேண்டும். டனலில் பாதை ஐந்து சென்டிமீட்டர் ஏறினால் 390-ல் இருந்தது 340-க்கு வந்துவிடும். ஒரே ஒரு டனலில், ஒரே ஒரு பழுதில், சரக்கின் வகை மாறிவிடுகிறது. கோவையில் அதை ஏற்றுகிறவர் கையில் இருப்பதோ போன வருஷத்து அனுமதி.

மூடினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடலாம். கொங்கண் பாதை அடைபட்டால் கேரளத்திலிருந்து வடக்கே போகும் நெடுந்தூர வண்டிகளுக்கு ஷொரணூர், பாலக்காடு, போத்தனூர், ஈரோடு வழி ஒரு முக்கிய மாற்று. மங்களூர்–பெங்களூர் மலைப்பாதையில் சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யாவுக்கும் நடுவே 55 கிலோமீட்டரில் 57 டனல்கள். 2024 ஜூலை 26-ல் எடகுமாரி அருகே மண் சரிந்து இரண்டு வாரம் போல அது நின்றது. அந்த வழி நின்றால் மங்களூருக்கும் பெங்களூருக்கும் இடையே மிஞ்சும் சுற்றுவழிகளில் ஒன்றும் பாலக்காடு–சேலம்தான். நம் பாதையில் டனல் இல்லாததே நமக்கு வினையாகிறது: மலையில் எது அடைத்தாலும் சமவெளிக்குத்தான் திருப்பிவிடுவார்கள். வந்து சேரும் பயணிகள் வண்டிக்கு வழிவிட்டு, கூட்ஸ் லூப்பில், அதாவது ஸ்டேஷனில் பிரதானப் பாதையை விட்டுப் பிரிந்து சேரும் பக்கப் பாதையில், ஒதுங்கும். முழுநீள ரேக் ஒதுங்க 686 மீட்டர் லூப் வேண்டும், எல்லா ஸ்டேஷனிலும் காலியாகக் கிடைப்பதில்லை. ஆகவே ஈரோட்டிலேயோ சேலத்திலேயோ பிடித்து நிறுத்துவார்கள். இருகூருக்கு வர வேண்டிய டேங்கர் ரேக்கும், நாமக்கல் கோழித்தீவனத்துக்கு வரும் மக்காச்சோள ரேக்கும் இப்படித்தான் பின்தங்குகின்றன. காரைக்காலிலிருந்து திருச்சி, கரூர் வழியாக வரும் மேட்டூர் நிலக்கரிக்குப் பாதி வழிவரை இந்தத் தொல்லை இல்லை, பிரதானப் பாதையைத் தொடும் இடத்தில் அதுவும் வரிசையில் நிற்க வேண்டும்.

சேலம்–ஓமலூர்–தர்மபுரி–ஓசூர் வழியை மாற்றாக நம்பலாமா? ஓமலூருக்கு வடக்கே அதுவும் மலை ஏறும் பாதை. 2021 நவம்பர் 12 அதிகாலை, தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே பாறைகள் உருண்டு விழுந்து கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை. டனல் இல்லாத வெட்டுப்பாதையிலும் இது நடக்கும் என்பதற்கு அது சாட்சி. கோட்டயத்தில் இதற்கு நேர்மாறான கணக்குப் போட்டார்கள். 2022 மே மாதம் இரட்டைப் பாதை முடிந்தபோது அங்கிருந்த இரண்டு பழைய டனல்களையும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்தில் திறந்த வெட்டில் புதுப்பாதை போட்டார்கள். டனல் சிறியது, மேலே மண் குறைவு என்றால் அது சரியான முடிவு. நூறு மீட்டர் மலை தலைக்குமேல் நிற்கும் இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அளவு மிஞ்சிய சரக்கு அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டியது சில. வரைபடத்தில் அதிகபட்ச உயரத்தையும் அகலத்தையும் மட்டும் எழுதி அனுப்புவது போதாது. தண்டவாளத்திலிருந்து எந்தெந்த உயரத்தில் எவ்வளவு அகலம் என்று படிப்படியாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இடிப்பது பெரும்பாலும் தோள்தான். வேகன் வகை, போகி இடைத்தூரம், முன்பின் துருத்தல், எடை எல்லாம் வேண்டும். வேகன் மாறினால் தள உயரம் மாறும், அனுமதியைப் புதிதாகக் கேட்க வேண்டும். தூக்கு வளையம், கட்டும் சங்கிலி, மரக்கட்டை இவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். கழற்றக்கூடிய மூடியைக் கழற்றித் தனியாக அனுப்பி ஐந்து சென்டிமீட்டர் குறைத்தால் பி வகுப்பு ஏ ஆகலாம், அது பல நாள் மிச்சம். வழியிலுள்ள ஒவ்வொரு மண்டலமும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுமதி வரும், பழைய அனுமதியை வைத்துக்கொண்டு ஏற்றிவிடக் கூடாது.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை கொங்கணும் சக்லேஷ்பூரும் நம்பத்தகாதவை, அக்டோபர் முதல் டிசம்பர்வரை தொப்பூர் பக்கம். அப்படியானால் ஜனவரிக்கு மேல் அனுப்பினால் தொல்லையில்லை என்று தோன்றும். ஆனால் மழையில்லாத அந்த மாதங்களில்தான் டனலுக்குள் சாரம் கட்டி, லைன் பிளாக் எடுத்து வேலை செய்வார்கள். சாரம் நிற்கும் நாட்களில் சாதாரண வண்டிக்கே வேகக் கட்டுப்பாடு இருக்கும், அளவு மிஞ்சிய சரக்குக்கு அனுமதியே நிறுத்திவைக்கப்படலாம். ஏற்றுமதித் தேதியைத் துறைமுகத்தோடு பேசி முடிக்கும் முன், போகும் வழியிலுள்ள கோட்டங்களில் எந்தெந்த வாரம் பிளாக் என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.